ஐயாவு குடியிருக்கும் இடம்

ஐயாவு மூன்று ஆண்டுகளுக்கு நல்லவனாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அவன் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தான்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. இரண்டு சாக்கு ஒட்டுப்பால். ரப்பர் மரத்தின் பட்டையிலும் பால் பிடிக்கும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்துபோகும் பால் அது. உரித்தெடுப்பது தொழிலாளி, சொந்தம் தோட்டத்துக்கு. சைக்கிளில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகும் வழியில் பிடித்தார்கள். எடுத்தாயா என்று கேட்டார்கள். எடுத்தேன் என்றான். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

முதல் குற்றம் என்பதால் ஆறு மாதச் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். தண்டனை எங்கும் போய்விடவில்லை, அலமாரியில் இருக்கிறது, நடத்தை கெட்டால் இறங்கி வரும் என்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அவனுக்கு விளக்கினார். நிபந்தனைகள் இரண்டு. குற்றம் எதுவும் செய்யக் கூடாது. வெள்ளைப்பாலத் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பான இரண்டாம் லயம், ஒன்பதாம் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். நன்னடத்தை அதிகாரியின் அனுமதி இல்லாமல் வேறு எங்கும் படுக்கக் கூடாது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நன்னடத்தை அதிகாரியின் பெயர் மெய்யப்பன். செட்டிநாட்டிலிருந்து வந்து ஈப்போவில் தொழில் செய்த குடும்பம். இவர் படித்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். மனிதர்களைத் திருத்த முடியும் என்று நம்பினார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் சிவப்புக் கோடு ஒன்று மேல்நோக்கிப் போனது. பேராக் மாநிலத்தின் நடத்தை அது என்று முதல் நாளே ஐயாவிடம் காட்டினார். கோட்டில் தன்னுடைய இடம் எது என்று ஐயாவு தேடவில்லை.

மறு ஆண்டு தோட்டம் விற்கப்பட்டது. வாங்கிய கம்பெனி அங்கே வரிசை வீடுகள் கட்டப் போவதாகச் சொன்னது. லயத்து ஆட்கள் மூட்டை கட்டினார்கள். சிலர் சுங்காய்ப் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குப் போனார்கள். காளியம்மா குடும்பம் ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் காயவைக்கப் போனது. ஐயாவின் மனைவி பாப்பாவுக்கு ஈப்போவில், புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகை வறுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பலகை அறையும் கிடைத்தது. ஐயாவுக்கு லாரியில் மூட்டை ஏற்றும் வேலை. முகவரியை மாற்றித் தரும்படி கேட்க இருவரும் மெய்யப்பனிடம் போனார்கள்.

மெய்யப்பன் அவர்களை உட்காரச் சொன்னார். இடம் மாறுவது மனம் மாறுவதற்கு முந்திய படி என்றார். தன் அனுபவத்தில் கெட்டுப்போனவர்கள் எல்லாரும் முதலில் வீடு மாறினார்கள் என்றார். புந்தோங்கில் இருப்பது எத்தனையாம் எண் வீடு என்று கேட்டார். எண் இல்லை என்றாள் பாப்பா. எண் இல்லாத வீட்டை அரசாங்கத்தால் பார்க்க முடியாது என்று அவர் வருந்தினார். இருந்தாலும் விண்ணப்பத்தை மேலே அனுப்புவதாகச் சொன்னார். பதில் வரும்வரை பழைய முகவரிதான்.

"அங்க வீட்டையே இடிக்கப் போறாங்க சார்," என்றாள் பாப்பா.

"வீடு இல்லாமல் போவது கம்பெனியின் நடத்தை. வீட்டில் இல்லாமல் போவது உங்கள் வீட்டுக்காரருடைய நடத்தை. என் அலுவலகம் இரண்டாவதை மட்டும்தான் கவனிக்கும்."

பாப்பா புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து ஐயாவு பகலில் ஈப்போவில் மூட்டை ஏற்றினான். சாயங்காலம் புந்தோங்கில் சாப்பிட்டான். பிறகு பஸ் ஏறி, கோப்பேங் சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து, ஒன்பதாம் வீட்டுக்குப் போய்ப் படுத்தான். லயத்தில் வேறு யாரும் இல்லை. முதலில் தண்ணீர்க் குழாயை எடுத்தார்கள். பிறகு கதவுகளை. பிறகு கூரைத் தகரம் போனது. அவன் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை மேலே கட்டினான்.

மெய்யப்பன் மாதந்தோறும் காரில் வந்து சோதனை செய்தார். வாசற்படியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். குடிக்கிறாயா. இல்லை. அண்டை வீட்டாரோடு சண்டை உண்டா. அண்டை வீட்டார் இல்லை. 'அண்டை வீட்டாருடன் தகராறு இல்லை' என்று எழுதிக்கொள்வார். ஒருமுறை மேலே வானத்தைப் பார்த்தார். 'கூரை இல்லை. நடத்தை நன்று' என்று எழுதினார். போகும்போது, இந்த மாதிரி ஓர் ஆளைத் தான் பார்த்ததில்லை என்று ஐயாவின் தோளைத் தட்டினார்.

பிறகு கம்பிவேலி வந்தது. அதில் அறிவிப்புப் பலகை. வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலைக்குக் கம்பெனி சன்னாசியை அமர்த்தியது. சன்னாசியும் அதே தோட்டத்தில் பால் வெட்டியவன்தான். இப்போது நீலச் சட்டையும் விசிலும் கொடுத்திருந்தார்கள்.

"மச்சான், போர்டு பாத்தியா?"

"பாத்தேன்."

"உள்ள வரக்கூடாதுன்னு போட்டிருக்குலா."

"ஆபீஸ்ல வெளிய போகக்கூடாதுன்னு போட்டிருக்கு."

சன்னாசி கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டினான். அப்புறம் வேலியின் ஓரத்தில் ஒரு கம்பியைத் தூக்கிப் பிடித்தான். ஐயாவு குனிந்து உள்ளே போனான். அது வழக்கமாகிவிட்டது.

எண்பத்தொன்றில் கம்பெனி போலீசில் புகார் கொடுத்தது. மிச்சத் தகரமும் கதவு நிலைகளும் திருடு போகின்றன, பழைய ஆட்கள் உள்ளே ஒளிந்திருக்கிறார்கள் என்று. விடியற்காலையில் ஒரு கார்ப்பரலும் நான்கு போலீஸ்காரர்களும் வந்தார்கள். லயத்தில் இருந்தவர்களின் பெயர்களைக் கம்பெனி ஆபீசில் வாங்கி வந்திருந்தார்கள். உள்ளே நுழையும் முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது விதி. கார்ப்பரல் லயத்தின் முன்னால் நின்று உரத்த குரலில் படித்தார். காளியம்மா. பதில் இல்லை. மாயாண்டி. பதில் இல்லை. இருளாயி. அவள் செத்து நாளாகிறது.

தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பெயர். பொழுது விடியும் முன் ஆபீசுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் சொன்னால் அன்றைக்கு வேலை உண்டு. சொல்லாவிட்டால் அன்றைக்கு ஆளே இல்லை. ஐயாவு பத்து வயதிலிருந்து பெரட்டுக்கு நின்றவன்.

பதினோராம் வீட்டில் தகரம் கழற்ற வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் தோட்டத்து ஆட்கள் அல்ல. மூச்சுக் காட்டவில்லை.

"ஐயாவு," என்றார் கார்ப்பரல்.

"வந்தேங்க," என்று ஐயாவு எழுந்து வந்தான். லயத்துக்கு முன்னால், வழக்கமாக நிற்கும் இடத்தில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் யாரும் வந்து நிற்காதது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைந்தான் என்று குற்றம் பதிந்தார்கள். சொந்த ஜாமீனில் விட்டார்கள். வழக்கு முடியும்வரை வேலிக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை.

போலீஸ் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது கிராணி கார்த்திகேசு நின்றிருந்தார். இப்போது அவர் கம்பெனி ஆபீசில் கிராணி. பெயர்களைக் கொடுத்தவர் அவர்தான்.

"நீர் ஏன் காணும் வெளியே வந்தனீர்?"

"பேரு கூப்பிட்டாங்க ஐயா."

 பெரட்டில் பதில் சொல்லாதவர்களின் பெயருக்கு இருபத்திரண்டு வருஷம் கோடு போட்டவர் கார்த்திகேசு.

இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துக்கொண்டு பாப்பா புருஷனோடு மெய்யப்பனிடம் போனாள். ஒன்று அங்கேதான் படுக்க வேண்டும் என்கிறது, இன்னொன்று அங்கே போகவே கூடாது என்கிறது, இதில் எதைக் கேட்பது என்றாள். மெய்யப்பன் இரண்டையும் படித்தார். இரண்டும் முறைப்படி இருக்கின்றன என்றார். சட்டத்தை மதிக்கும் மனிதன் தனக்குப் பிடித்த நிபந்தனையை மட்டும் பொறுக்க மாட்டான் என்றார். புதுக் குற்றச்சாட்டு வந்துவிட்டதால் பழைய உத்தரவை ரத்து செய்யக் கோரித் தான் அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும் சொன்னார். ரத்தானால் ஆறு மாதம் தைப்பிங் சிறை. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அன்று முதல் ஐயாவு வேலிக்கு வெளியே, சாலையோரத்தில் பஸ் நிற்கும் கொட்டகையில் படுத்தான். அவன் போகக்கூடிய இடங்களில் அதுதான் ஒன்பதாம் வீட்டுக்கு மிக அருகில் இருந்தது.

அந்த வாரம் நன்னடத்தை வாரம். ஈப்போவில் ஒரு மண்டபத்தில் விழா. ஆண்டின் சிறந்த நன்னடத்தையாளராக ஐயாவைப் பல மாதங்களுக்கு முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேடயத்தில் பெயரைப் பொறித்தாகிவிட்டது. எனவே கூப்பிட்டார்கள்.

ஐயாவு கடன் வாங்கிய சட்டையில் மேடையில் நின்றான். மெய்யப்பன் ஒலிபெருக்கியில் பேசினார். "இந்த மனிதருக்குத் தண்ணீர் போனது. இவர் போகவில்லை. கதவு போனது. இவர் போகவில்லை. கூரை போனது. அப்போதும் இவர் போகவில்லை. ஊரே போனது, பெரியோர்களே. சொன்ன இடத்தில் இருப்பவன்தான் குடிமகன். நம்முடைய துறை இல்லாவிட்டால் இவர் என்றைக்கோ எங்காவது போய் நன்றாக இருந்திருப்பார்."

கைதட்டினார்கள். பிரமுகர் ஒருவர் கேடயத்தைக் கொடுத்தார். ஐயாவு படியிறங்கியதும் மேடைக்குப் பின்னால் மெய்யப்பன் அவனுக்கு நீதிமன்ற அழைப்பாணையைக் கொடுத்தார். அது வேறு கோப்பு என்றார்.

பஸ்ஸில் பாப்பா கேடயத்தை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து சீட்டுக்காரி, மகன் ஸ்கூல் ஸ்போர்ட்ஸில் ஜெயித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பாப்பா.

விசாரணை நாளில் மெய்யப்பன் இரண்டு அறிக்கைகள் படித்தார். முதலாவது, ஐயாவு கைதான நாள்வரை ஒரு நாளும் தவறாமல் ஒன்பதாம் வீட்டில் இருந்தான் என்று பாராட்டியது. இரண்டாவது, ஐயாவு ஒன்பதாம் வீட்டில் இருந்ததால் உத்தரவை ரத்து செய்யும்படி கேட்டது. இரண்டையும் ஒரே குரலில் படித்தார். இடையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மாஜிஸ்திரேட் இளையவர். மனசாட்சி உள்ளவர் என்று பேர். புதுக் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை என்று அரசுத் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டருக்கு நினைவூட்டினார். ஐயாவு ஏதாவது சொல்ல விரும்புகிறானா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

ஐயாவு சற்று யோசித்தான். "எங்க படுக்கணும்னு சொன்னா அங்க படுத்துக்கிறேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை நீளமாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். உயர்ந்த எண்ணம் என்றார். ஆனால் அந்தக் கேள்வி இந்த நீதிமன்றத்தின் முன் இல்லை என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"நேரில் பார்க்காமல் நான் யாரையும் சிறைக்கு அனுப்பியதில்லை," என்றார். "பார்த்த பிறகுதான் அனுப்பியிருக்கிறேன்."

மறுநாள் காலை மூன்று வண்டிகளில் நீதிமன்றம் வெள்ளைப்பாலத் தோட்டத்துக்குப் புறப்பட்டது. வேலி வாசலில் சன்னாசி விசில் ஊதி நிறுத்தினான். பாஸ் இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் காட்டினார். தொப்பி பாஸ் இல்லை என்று சன்னாசி பணிவாகச் சொன்னான். மாஜிஸ்திரேட் அவனைப் பாராட்டினார். கார்த்திகேசு ஆபீசிலிருந்து இறங்கி வந்து எல்லாருக்கும் பாஸ் எழுதினார். மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று. இன்ஸ்பெக்டருக்கு ஒன்று. மெய்யப்பனுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும். குடை பிடிக்கும் பியூனுக்கும்.

ஐயாவின் முறை வந்தது. கார்த்திகேசு பேனாவைத் தூக்கியபடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஜாமீன் நிபந்தனை இருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர். கார்த்திகேசு பேனாவை மூடினார். ஐயாவும் ஒரு தமிழ்ப் போலீஸ்காரரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். பஸ்ஸில் வந்திறங்கிய பாப்பாவும் அங்கேயே நின்றாள்.

நீதிமன்றம் ஒன்பதாம் வீட்டுக்குள் போனது. மழை தூறத் தொடங்கியது. பியூன் வீட்டுக்குள் குடையை விரித்தார். மாஜிஸ்திரேட் தலையணையைப் பார்த்தார். மைலோ டின்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தார். மனிதன் எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு வாழ முடிகிறது என்று வியந்தார். வெளியே இருந்தவர்களுக்கு அவர் பேசுவது கேட்கவில்லை, குடை அசைவது தெரிந்தது.

மெய்யப்பன் பழக்கதோஷத்தில் கோப்பைத் திறந்தார். மாதச் சோதனை நாள் அது. கூரை இல்லை என்று எழுதினார். கதவு இல்லை. அடுத்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பின்கட்டிலும் எட்டிப் பார்த்தார். முகம் வாடிப்போனது. மாஜிஸ்திரேட்டிடம் போய் மெல்லச் சொன்னார்.

"துவான், குடியிருப்பவர் வீட்டில் இல்லை."

மாஜிஸ்திரேட்டும் சுற்றிப் பார்த்தார். உண்மைதான். இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா என்று கேட்டார். ஒருமுறைகூட இல்லை என்றார் மெய்யப்பன். அவர் எங்கே என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இன்ஸ்பெக்டர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். மழையில் ஐயாவு நின்றுகொண்டிருப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

உத்தரவை அங்கேயே சொன்னார். நிரூபிக்கப்படாத புதுக் குற்றத்துக்காக ஒருவரைத் தண்டிக்க இந்த நீதிமன்றம் ஒருபோதும் சம்மதிக்காது. அந்த வழக்கு தனியே, நேர்மையாக நடக்கும். ஆனால் அவர் தம் குடியிருப்பில் இல்லை என்பதை நீதிமன்றம் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டது. பார்த்ததை மறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் வேலிக்கு வந்தார். கம்பிகளின் ஊடே சொன்னார்.

"ஆறு மாசம்ப்பா."

"எதுக்குங்க?"

"வீட்ல இல்லாததுக்கு."

ஐயாவு தலையாட்டினான். சன்னாசி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, மழையில் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான். "கம்பியத் தூக்கிப் பிடிச்சிருப்பேன்லா மச்சான். சட்டுனு உள்ள வந்து நின்னிருக்கலாம்."

"அதுக்கு ஒரு ஆறு மாசம் போட்டிருப்பாங்க," என்றாள் பாப்பா.

போலீஸ்காரர் விலங்கை எடுத்தார். ஐயாவு கையை நீட்டினான்.

லயத்தை அடுத்த மாதம் இடித்தார்கள். அத்துமீறல் வழக்கு பிறகு விசாரணைக்கு வந்தது. தைப்பிங்கிலிருந்து ஐயாவை வண்டியில் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் தலையை மொட்டையடித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து, கம்பெனி புகாரைத் திரும்பப் பெறுகிறது என்றார். நுழைந்ததாகச் சொல்லப்படும் வீடு இப்போது இல்லை. இல்லாத இடத்துக்குள் ஒருவர் நுழைந்தார் என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியாது.

மாஜிஸ்திரேட் மகிழ்ச்சியோடு வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஐயாவின் பெயரில் எந்தக் கறையும் இல்லை என்று எழுதச் சொன்னார். நீதிமன்றத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் இதையும் வந்து பார்க்க வேண்டும் என்றார்.

மெய்யப்பன் முன்வந்து ஐயாவின் கையைக் குலுக்கினார். இந்தப் புதுக் குற்றம் ஒன்றுதான் தன்னைத் தூங்கவிடாமல் செய்தது என்றார். இனிச் சுவரிலுள்ள கோட்டைத் திருத்த வேண்டியதில்லை என்றார். புந்தோங் முகவரி விண்ணப்பம் இன்னும் மேலேதான் இருக்கிறது, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஐயாவு, சரிங்க சார் என்றான்.

வெளியே நடைவழியில் பாப்பா காத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் அவளிடம் போகிற போக்கில் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் கையில் மடித்த சட்டை இருந்தது. புதுச் சட்டை. ஐயாவு வந்ததும் அதைப் பிரித்து அவன் தோளோடு வைத்து அளவு பார்த்தாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது. மெலிஞ்சிட்டே என்றாள். போடு, மூணு மணி பஸ்ஸப் பிடிக்கலாம் என்றாள்.

ஐயாவு சட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். 

அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்ற அதே போலீஸ்காரர் விலங்கோடு வந்தார். நடைவழியின் கோடியில் வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"என்னங்க இது? குத்தம் இல்லன்னு இப்பத்தானே சொன்னாங்க?" என்றாள் பாப்பா.

போலீஸ்காரர் கையிலிருந்த ஆறு மாதக் காகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆமாக்கா. குத்தம் இல்ல. ஏறச் சொல்லுங்க."